மருந்தை முறிக்கும் கீரை

முதல் தடவை அந்த அழுகை கேட்டபோது நான் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். உச்சி வெயில். அத்தை, அதாவது என் மாமியார், நாற்றங்காலைப் பார்க்கப் போயிருந்தார். என் கணவர் காலையிலேயே கும்பகோணத்துக்கு வேலைக்குக் கிளம்பிவிட்டிருந்தார். மகள் கூடத்தில் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அழுகை கேட்டதும் ஓடினேன். தூளியை விலக்கிப் பார்த்தால் வாயைக் கொஞ்சம் திறந்தபடி, நெற்றியில் வியர்வை அரும்ப, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். கனவில் அழுதிருப்பாள் என்று திரும்பி வந்து இன்னும் இரண்டு வெங்காயம் உரித்திருப்பேன். மறுபடியும் கேட்டது. இந்த முறை ஓடாமல் உட்கார்ந்தபடியே காது கொடுத்தேன். சத்தம் கூடத்திலிருந்து வரவில்லை. கொல்லைக்குப் பின்னால், வாய்க்கால் பக்கமிருந்து வந்தது.

வாய்க்காலில் தண்ணீர் வந்து அன்றைக்கு நான்காவது நாள்.

நான் பிறந்து வளர்ந்தது சீர்காழியில். வாழ்க்கைப்பட்டது வலங்கைமானுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். முதல் பிரசவம் என்பதால் பங்குனியில் அம்மா வீட்டில் பிள்ளை பெற்றேன். ஆடி பிறந்துவிட்டால் அனுப்புவது தள்ளிப் போய்விடும் என்று மூன்றாம் மாதம் முடிவதற்குள் என்னையும் மகளையும் இங்கே கொண்டுவந்து விட்டார்கள். வந்த வாரமே ஆற்றில் தண்ணீர் திறந்தார்கள். அதுவரை மாடு படுத்துக் கிடந்த வாய்க்காலில், சருகையும் பிளாஸ்டிக் பாட்டில்களையும் தள்ளிக்கொண்டு தண்ணீர் ஒரு நாள் விடியற்காலை வந்து சேர்ந்தது. ஊருக்கே சந்தோஷம். அத்தை ஒரு கை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார். எனக்கு மட்டும், யாரோ ஒருவர் வீட்டின் பின்பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டது போல இருந்தது.

நான் எம்.எஸ்சி. வேதியியல் படித்தவள். டவுனில் ஒரு பள்ளியில் பதினோராம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் செய்த காரியத்தைச் சொல்லும்போது, படிக்காததால் செய்தாள் என்று யாரும் சமாதானம் சொல்ல வேண்டாம்.

அந்த நாட்களில் எனக்கு வருத்தம் என்று ஒன்று இருந்ததாக நினைவில்லை. மன அழுத்தம் என்றால் அழுகை, சோகம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எனக்கு வந்தது வேறு. சோற்றில் உப்பு இருக்கிறதா என்று எல்லோரையும் கேட்டேன், எனக்குத் தெரியவில்லை. மகளைக் குளிப்பாட்டும்போது, பக்கத்து வீட்டுக்காரர்கள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன பிள்ளையைக் குளிப்பாட்டுவது போல இருந்தது. அவளுக்கு ஏதாவது ஆனால் அவளுடைய உண்மையான அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று ஒரு பயம். ஒரு நோட்டில் பால் கொடுத்த நேரம், எந்தப் பக்கம், எத்தனை நிமிடம், ஏப்பம் விட்டாளா இல்லையா என்று எழுதி வைத்தேன். எழுதியதையே மறுபடி நம்பாமல் இன்னொரு நோட்டில் எழுதினேன். கேஸை மூடினேனா என்று பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்ததும், பார்த்தது இன்றைக்கா நேற்றா என்று சந்தேகம் வரும். இது எல்லாவற்றுக்கும் மேல், உச்சி வேளையானால் அந்த அழுகை.

யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அத்தைக்கு ஏதோ தெரிந்திருந்தது. ஒரு சாயங்காலம் சமையலறையில் மகனிடம் அவர் தாழ்ந்த குரலில் பேசியதை, கூடத்தில் பால் கொடுத்தபடி கேட்டேன்.

“தண்ணி வந்த வாரத்துல கொல்லப்பக்கம் நடமாட விட்டது என் தப்புடா. பச்ச உடம்பு. காத்து பட்டுருக்கு.”

“அம்மா, காத்து கருப்புன்னு ஆரம்பிக்காத.”

“உனக்கு என்ன தெரியும் இந்த வாய்க்காலப் பத்தி? நீ அப்ப நாலு வயசு.”

ஊரில் சொல்வதை நானும் கல்யாணமான புதிதில் கேட்டிருந்தேன். முன்பு ஒரு பெண், கைப்பிள்ளைக்காரி, ஒரு உச்சி வேளையில் அந்தப் படித்துறைக்குப் போனாள், திரும்பி வரவில்லை. எந்த வீட்டுப் பெண் என்று யாரும் சொன்னதில்லை. தண்ணீர் வரும்போதெல்லாம் அவளும் வருகிறாள் என்பார்கள். பிள்ளை பெற்றவர்களை அந்தப் பக்கம் விடமாட்டார்கள். மகளின் தலைமாட்டில் அத்தை ஓர் இரும்புத் துண்டும் வேப்பிலைக் கொத்தும் வைத்திருந்தார். தினமும் காலையில் வேப்பிலையை மட்டும் புதிதாக மாற்றுவார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லமாட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை பக்கத்து ஊர்ப் பள்ளிவாசலுக்கு என்னை அழைத்துப் போனார். அங்கே ஹஜ்ரத் ஓதித் தண்ணீரில் ஊதிக் கொடுத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஓதியாச்சும்மா. டாக்டரையும் ஒரு தரம் பாத்துருங்க” என்றார். அத்தை அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. என் கணவரோ போனில் தேடித்தேடி எனக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். மன அழுத்தத்தை இயற்கை முறையில் விரட்டுவது எப்படி. வல்லாரைப் பொடி வாங்கி வந்தார். மூச்சுப் பயிற்சி வீடியோ போட்டு எதிரே உட்கார்ந்து தானும் மூச்சு விட்டார். “இழு... நிறுத்து... இப்ப விடு” என்று அவர் சொல்லும்போது, நான் எல்லாவற்றையும் சரியாகச் செய்தேன். நான் எதையுமே சரியாகச் செய்துவிடுவேன். அதுதான் எல்லோரையும் ஏமாற்றியது.

தடுப்பூசி போட நர்ஸம்மா ஸ்கூட்டியில் வந்தபோதுதான் ஒருவர் என்னை நேராகப் பார்த்தார்.

“பாப்பா வெயிட்டு நல்லா ஏறியிருக்கு. அம்மாதான் இறங்கிட்டே போறீங்க.”

“நல்லாத்தான் இருக்கேன் சிஸ்டர்.”

“அது நான் கேக்கலயே. நேத்து எதுக்காச்சும் சிரிச்சீங்களா டீச்சர்?”

வகுப்பில் கேள்வி கேட்கப்பட்ட பிள்ளை போல யோசித்தேன். விடை தெரியவில்லை.

“நீங்க இல்லாம இருந்தா எல்லாருக்கும் நல்லதுன்னு எப்பவாச்சும் தோணுதா?”

காபி கொண்டுவந்த அத்தை வாசல் நிலையிலேயே நின்றுவிட்டார். “சேச்சே” என்றேன் நான். சொன்ன வேகத்திலேயே அது பொய் என்று நர்ஸம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. காபியைக் குடிக்காமலே ஒரு சீட்டு எழுதினார். “தஞ்சாவூர்ல இவங்களப் பாருங்க. இந்த வாரமே. பிள்ளை பெத்தவங்க நெறைய பேருக்கு வர்றதுதான் இது. யாரோட தப்பும் இல்ல” என்று சொன்னார், என்னிடம் அல்ல, அத்தையிடம்.

தஞ்சாவூரில் அந்த டாக்டரம்மா அவசரப்படாமல் பேசினார். பிள்ளை பெற்ற பிறகு உடம்பில் என்னென்ன தலைகீழாகிறது, தூக்கம் துண்டு துண்டாகப் போனால் மனம் என்ன ஆகிறது, வெயிலும் நடையும் பேச்சுத்துணையும் ஏன் வேண்டும், அவை மட்டும் ஏன் சில சமயம் போதாது என்றெல்லாம் சொன்னார். ஒரு மாத்திரை எழுதினார்.

“பால்ல போகுமா டாக்டர்?”

“ரொம்பக் கொஞ்சம். குழந்தைக்குத் தொந்தரவு வராததா பாத்துத்தான் எழுதியிருக்கேன்.”

கதவு வரை போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடியும் கேட்டேன். அவர் அதே பதிலைச் சொன்னார். மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுத்தவரிடமும் கேட்டேன். “டாக்டர் எழுதியிருக்காங்கள்ல?” என்றார் அவர். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்த ‘ரொம்பக் கொஞ்சம்’ என்ற இரண்டு சொற்கள் என்னோடு வந்தன. கொஞ்சம் என்றால் எவ்வளவு? பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் நடத்தும் பாடம்தானே அது, கரைசலில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்பது. மில்லிகிராமையும் மகளின் எடையையும் வைத்து மனதுக்குள் கணக்குப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் வேறு விடை வந்தது.

மாத்திரை போட ஆரம்பித்த மூன்றாம் நாள் கீரைக்கார அக்கா வந்தார். எங்கள் ஊரிலிருந்து கொஞ்சம் தள்ளி வெற்றிலைக் கொடிக்கால் இருக்கிறது. கொடி படர்வதற்காக வரிசையாக அகத்தி வைத்திருப்பார்கள். அதில் கழித்த கீரையைக் கட்டுக் கட்டாகக் கூடையில் கொண்டுவருவார். அத்தை வயலில் இருந்ததால் நான்தான் வாசலுக்குப் போனேன். அகத்திக் கட்டை எடுத்த என் கையை அவர் பிடித்துக்கொண்டார்.

“மருந்து மாத்திர எதாச்சும் சாப்புடுறியா தங்கச்சி? சாப்புட்டா இது வேணாம், முருங்கைய எடுத்துக்க. அகத்தி எந்த மருந்தையும் முறிச்சிப்புடும்.”

இது எனக்குத் தெரியாத சங்கதி இல்லை. நாட்டு மருந்து சாப்பிடுகிறவர்களுக்குப் பத்தியத்தில் முதலில் விலக்குவது அகத்தியைத்தான். சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்ததுதான். ஆனால் அந்த வெயிலில், அவர் சொன்ன அந்த நொடியில், எனக்கு ஏதோ கதவு திறந்தது போல இருந்தது.

“இல்லக்கா, மாத்திரையெல்லாம் இல்ல. பால் ஊறத்தான்.”

“அப்ப நல்லா தின்னு. எங்க மாட்டுக்கே இதத்தான் போடுறேன், ரெண்டு லிட்டர் கூடக் கறக்குது. நீ என்னா, ஒரு கன்னுக்குட்டிக்குத்தான?” என்று சிரித்துவிட்டுப் போனார்.

அன்று முதல் நான் செய்தது இதுதான். காலையில் எல்லோரும் பார்க்க மாத்திரையைப் போட்டுக்கொள்வேன். டாக்டர் சொன்னதை மீறினதாக ஆகக் கூடாது. அத்தை வயலுக்குப் போனதும் அகத்திக் கீரையை ஆய்ந்து, வதக்கி, நின்றபடியே சோற்றில் பிசைந்து சாப்பிடுவேன். அதன் கசப்புதான் அந்த மாதங்களில் எனக்குத் தெரிந்த ஒரே ருசி. காம்புகளைப் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போட்டுவிட்டு, சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுவேன். பிறகுதான் மகளுக்குப் பால். பாலில் போகும் மருந்து முறிந்துவிடும், எனக்குள் இருப்பதும் முறிந்தால் முறியட்டும் என்பது என் கணக்கு. இரண்டு பக்கத்துக்கும் நல்ல பிள்ளையாக இருக்கக் கண்டுபிடித்த வழி. மாதக் காலண்டரில் மாத்திரை போட்டதற்கு ஒரு புள்ளி வைத்தேன். கீரை சாப்பிட்டதற்கு அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று. பார்க்கிறவர்களுக்கு அது ஏதோ பால்காரர் கணக்கு மாதிரி இருந்திருக்கும்.

இரண்டு வாரம் கழித்து டாக்டரிடம் போனபோது, “எப்படி இருக்கு?” என்று கேட்டார்.

“பரவாயில்ல டாக்டர்.”

“சத்தம் எதுவும் கேக்குதா? தேவையில்லாத நெனப்பு?”

“இல்ல டாக்டர். பரவாயில்ல.”

கேட்டது. அதற்குள் தினமும் கேட்டது. சில நாள் இரண்டு தடவை. அதைச் சொன்னால் மகளை என்னிடமிருந்து வாங்கி வைத்துவிடுவார்கள் என்று பயந்தேன். அடுத்த தடவையும் பரவாயில்லை என்றேன். அவர் அதே மாத்திரையை அதே அளவில் எழுதினார். அத்தை வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மகளுக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

ஆடி நடுவில் அந்த நாள் வந்தது. கடைசி நடவு என்று அத்தை விடியலிலேயே போய்விட்டார். பதினொன்றரைக்கு மகளுக்குப் பால் கொடுத்துத் தூளியில் போட்டேன். தூங்கிவிட்டாள். உடனே அழுகை ஆரம்பித்தது. போய்ப் பார்த்தேன், தூங்குகிறாள். வந்து உட்கார்ந்தேன். மறுபடியும் கேட்டது. மறுபடியும் போய்ப் பார்த்து, மூக்கருகில் விரல் வைத்து மூச்சைப் பார்த்துவிட்டு வந்தேன். மூன்றாவது தடவை கேட்டது வேறு மாதிரி இருந்தது. என் மகள் பசித்து அழும்போது முதலில் இருமுவது போல ஒரு சின்னச் சத்தம் வரும், அதற்குப் பிறகுதான் அழுகை. அந்த இருமலோடு, அவளுடைய குரலிலேயே, வாய்க்காலிலிருந்து அது என்னைக் கூப்பிட்டது.

தூளியில் இருப்பதுதான் என்னிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்த பிள்ளை, என் பிள்ளை அங்கே இருக்கிறது என்று தோன்றியது. அப்போது அது பயமுறுத்தும் எண்ணமாக இல்லை. மிக நியாயமானதாக, கணக்கில் விடை சரியாக வந்தது போல இருந்தது.

கொல்லையில் வேப்பம்பழம் உதிர்ந்து கிடந்தது. வெறுங்காலில் அவை நசுங்கியது நினைவிருக்கிறது. படித்துறையின் முதல் படியில் சூடு, அடுத்த படியில் ஈரம். பிறகு முழங்கால் வரை குளிர்ச்சி. அங்கே நின்று தேடினேன். தண்ணீரில் எதுவும் இல்லை. எதிர்க்கரையில் ஒரு கொக்கு நின்றிருந்தது.

அப்போது எனக்குப் பின்னாலிருந்தும் ஓர் அழுகை கேட்டது.

முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இரண்டும் என் மகளின் குரல். எது என் பிள்ளை என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு பக்கம் திரும்பினால் இன்னொன்றை விட்டுவிடுவேன் என்று அசையாமல் நின்றேன்.

“தங்கச்சி! ஏ தங்கச்சி! புள்ள அங்க கத்திக் கெடக்கு, இங்க என்னா பண்ற?”

கீரைக்கார அக்கா. விற்று முடித்துத் திரும்பும் வழியில் மோர் வாங்கிக் குடிக்க வந்தவர், வாசலில் நின்று கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். உள்ளே குழந்தை வீறிட்டு அழுகிறது, யாரும் எடுக்கவில்லை என்றதும் வீட்டுக்குள் புகுந்து கொல்லைக்கு வந்துவிட்டார். “அசையாத, அங்கயே நில்லு” என்று சொல்லிக்கொண்டே இறங்கி என் மணிக்கட்டைப் பிடித்தார். வெற்றிலைக் கறை ஏறிய விரல்கள். பிடித்த பிடி இரண்டு நாள் வலித்தது.

உள்ளே மகள் முகம் சிவந்து, குரல் கம்மி, தூளித் துணியை உதைத்துக்கொண்டிருந்தாள். எடுத்து மார்போடு அணைத்த பிறகுதான் பார்த்தேன், என் ரவிக்கை முழுக்க நனைந்திருந்தது. நான் படித்துறையில் நின்று குழம்பிக்கொண்டிருந்தபோதே பால் சுரந்திருக்கிறது. எது நிஜமான அழுகை என்று என் உடம்புக்கு மட்டும் தெரிந்திருக்கிறது.

அக்கா வீட்டை விட்டுப் போகவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணை அனுப்பி அத்தையை வரவழைத்தார். சேற்றுக்காலோடு அத்தை ஓடி வந்தார். நடந்ததைச் சொல்லிவிட்டு அக்கா, “பால் குடுக்குற உடம்பு, கெறக்கமா இருந்துருக்கும் பெரியம்மா. சாப்பாட்டுல கொற இல்ல, தெனம் அகத்தி வாங்கித் திங்குது” என்றார்.

“தெனமுமா?” என்றார் அத்தை.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு காலண்டரைப் பார்த்தார். பக்கத்தில் பக்கத்தில் இருந்த புள்ளிகளை அவர் எத்தனை நாளாகப் பார்த்திருந்தாரோ. நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கீரையை, அழுகையை, டாக்டரிடம் சொன்ன பொய்யை, தூளியில் இருப்பது என் பிள்ளை இல்லை என்று தோன்றியதை. திட்டுவார், இல்லாவிட்டால் வேப்பிலையை எடுப்பார் என்று நினைத்தேன். அத்தை தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“எந்தப் பக்கத்துலேருந்து கேக்குது?”

“வாய்க்கால் பக்கத்துலேருந்து அத்தை.”

“அவளும் அதத்தான் சொன்னா.”

யார் என்பதையும் அவரே சொன்னார். “என் ஓரகத்தி. ஒம் புருசனோட சித்தப்பா பொண்டாட்டி. இந்த உத்தரத்துலதான் அவ புள்ளைக்கும் தூளி கட்டுனேன். தட்டுல சோத்த வச்சிக்கிட்டு ஒக்காந்தே இருப்பா. புள்ள அழுவுது, புள்ள அழுவுதுன்னு ஓடி ஓடிப் பாப்பா. காத்துன்னுட்டோம். வேப்பிலை அடிச்சோம். தாயத்து கட்டுனோம். என்னா செய்யுதுன்னு ஒருத்தரும் ஒக்காந்து கேக்கல. நானும் கேக்கலம்மா. எனக்கு நடவு இருந்துச்சு அன்னிக்கு.”

தூளியைப் பார்த்துவிட்டு, “அவ புள்ளய அவ அம்மா வீட்டுல தூக்கிட்டுப் போயிட்டாங்க. பொண்ணு. இப்ப ஒன்னோட வயசு இருக்கும்” என்றார்.

நான் அதுவரை பயந்த பெண் அந்த மத்தியானம் மாறிப்போனாள். தண்ணீரோடு வருகிறவள் என்று ஊர் சொன்ன அவள், நர்ஸம்மாவின் சீட்டு கிடைக்காதவள். அவளை யாரும் தஞ்சாவூருக்குப் பஸ் ஏற்றவில்லை. பயம் குறைந்ததா என்றால் இல்லை. அவள் இன்னும் பக்கத்தில் வந்துவிட்டாள்.

அன்றிரவு அத்தை எங்கள் அறையில் படுத்தார். மறுநாள் காலையிலேயே தஞ்சாவூர் போனோம். இந்த முறை அத்தை பெஞ்சில் உட்காரவில்லை, என்னோடு உள்ளே வந்தார். என் கணவர் லீவு போட்டுவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். நான் சொல்லச் சொல்ல டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“கீரை முறிச்சிருக்கும்னு எனக்குத் தோணல. இந்த மாத்திரை வேலை செய்யவே சில வாரம் ஆகும். ஆரம்பிச்ச அளவு உங்களுக்குப் பத்தல. கூட்டியிருக்கணும்.” பேனாவை எடுத்துக்கொண்டார். “நீங்க ரெண்டு தடவ பரவாயில்லன்னு சொன்னீங்க. அதுலதான் இத்தன நாள் போச்சு.”

“என் மேலயும் தப்பு இருக்கு டாக்டர். நான் வெளியில ஒக்காந்துட்டேன்” என்றார் அத்தை.

“கேட்ட அழுகையைப் பத்தி நெசத்தச் சொன்னதால உங்க பிள்ளையை யாரும் வாங்கிக்க மாட்டாங்க. ஆனா கொஞ்ச நாளைக்கு நீங்களும் குழந்தையும் தனியா இருக்கக் கூடாது. வீட்டுல ஒருத்தர் எப்பவும் கூடவே இருக்கணும்” என்று அவர் மூன்று பேரையும் பார்த்துச் சொன்னார். மாத்திரையின் அளவைக் கூட்டினார், இரவுக்கு இன்னொன்று சேர்த்தார். மூன்று நாளில் திரும்பி வரச் சொன்னார்.

அதற்குப் பிறகு என் கணவர் போனில் அனுப்பிய இயற்கை முறைகளில் பலவற்றை நாங்கள் நிஜமாகவே செய்தோம். அவை பொய் இல்லை. மருந்து இல்லாமல், ஒப்புக்கு நான் அவற்றைச் செய்தபோதுதான் பயனற்றுப் போயிருந்தன. முதலில் தூக்கம். ஒன்பது மணியிலிருந்து இரண்டு மணி வரை நான் எழுந்திருக்கக் கூடாது என்று வீட்டில் சட்டம். பிழிந்து வைத்த பாலை என் கணவரோ அத்தையோ பாலாடையில் புகட்டுவார்கள். காலை வெயிலில் நடை. எங்கள் ஊரில் நடைப்பயிற்சி என்று ஒரு பெண் தனியாக நடந்தால் ஏதோ சண்டை போட்டுக்கொண்டு போகிறாள் என்று நினைப்பார்கள். அதனால் அத்தை வயலைப் பார்க்கப் போகிற சாக்கில் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கூடவே வருவார். சம்பா நடவு சமயம் அது. வயலில் குனிந்திருந்த பெண்கள் நிமிர்ந்து என்னைப் பார்ப்பார்கள்.

“டீச்சரம்மா தெனம் வரப்ப அளந்து பாக்குறாங்கடி, கொறஞ்சிருக்கான்னு.”

“எறங்குங்க டீச்சர், ஒரு முடி நாத்தையாவது நட்டுப் பாருங்க.”

ஒரு நாள் இறங்கினேன். சேறு முழங்கால் வரை வந்ததும் உடம்பு விறைத்துப்போனது. படித்துறை ஞாபகம். வரப்பிலிருந்த அத்தை அதைக் கவனித்துவிட்டார். “ஏறி வந்துடும்மா” என்றார். ஏறவில்லை. எட்டு நாற்று நட்டேன். எனக்கு அடுத்திருந்த பெண் திரும்பிப் பார்த்துவிட்டு, “என்னா டீச்சர், கோடு போட்ட நோட்டுலதான் எழுதுவீங்களா?” என்றார். சிரித்துவிட்டேன். அன்றைக்கு நர்ஸம்மா வந்து கேட்டிருந்தால் சொல்வதற்கு ஒரு விடை இருந்திருக்கும்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் ரசத்தில் உப்பு கூட என்று நானே சொன்னேன். அத்தை அதைப் பெரிய விஷயம் போல மகனுக்குப் போன் செய்து சொன்னார். மகள் என் பிள்ளைதான் என்பது ஒரே நாளில் தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, ஊரிலிருந்து வந்த சொந்தக்காரரை அடையாளம் கண்டுகொள்வது போலத் தெரிந்தது.

இப்போது அவள் நடக்கிறாள். நான் பள்ளிக்குத் திரும்பிவிட்டேன். மாத்திரையை டாக்டர் மெதுவாகக் குறைத்துக்கொண்டு வருகிறார். அகத்திக்கீரையை அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனாலும் எங்கள் வீட்டில் சமைப்பதில்லை. அந்தக் கசப்பு நாக்கில் பட்டால் நான் எங்கே போய் நிற்பேன் என்று எனக்குத் தெரியும். கீரைக்கார அக்கா வாசலில் நின்று, “முருங்க, முளக்கீர, அவ்வளவுதான் ஒனக்கு” என்று தானே கட்டை எடுத்து வைத்துவிடுகிறார்.

இந்த ஆனியிலும் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. வந்த நாளிலிருந்து அத்தை பன்னிரண்டு மணிக்கெல்லாம் வயலிலிருந்து வீட்டுக்கு வந்துவிடுகிறார். ஏன் என்று சொல்வதில்லை. நானும் கேட்பதில்லை. போன சனிக்கிழமை எனக்கு விடுமுறை. மகள் அடுப்பங்கரையில் டம்ளர்களை உருட்டிக்கொண்டிருந்தாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அந்த இருமல் சத்தம் முதலில் வந்தது, அதற்குப் பின்னால் அழுகை.

பழைய பயம் முதுகில் ஏறியது. கத்தியைக் கீழே வைத்தேன். மறைக்கக் கூடாது, கேட்டால் உடனே சத்தமாகச் சொல்ல வேண்டும் என்பது நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு.

“அத்தை, கேக்குது.”

அத்தை கூடத்திலிருந்து எழுந்து வந்தார். “எந்தப் பக்கம்?”

“வாய்க்கால் பக்கம்.”

“இங்க பாரு, ஒம் புள்ள இங்க இருக்கா. டம்ளர நசுக்குறா.”

மகளைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டேன். திமிறினாள். அத்தை எனக்கும் கொல்லைக் கதவுக்கும் நடுவில் உட்கார்ந்து, பாதி உரித்த வெங்காயத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

“இன்னும் கேக்குதா?”

“கேக்குது.”

“சரி” என்றார். “நிக்கிற வரைக்கும் ஒக்காந்திருப்போம்.”